தீவகத்துப் பிள்ளையும் புத்தகசாலையும்

மலர்க் குழுவினர் என்னிடம் வேண்டியது தீவகத்திலே தமிழ் வளர்ந்த வரலாறு பற்றிய ஒரு கட்டுரை. அவ்வரலாற்றை என் ஆசிரியப் பெருமக்கள் இத்தகைய மலர்களிலே முன்னரும் எழுதியுள்ளனர். அவர்கள் எழுதியதற்கு மேலாக எழுத யான் வல்லேன் அல்லேன். ஆனால், தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் என் மனத்தை நெடுநாளாக உறுத்துகின்ற சிறிய விடயம் ஒன்றுண்டு. அது புத்தகக் கடை. எம் பிள்ளைகள் புத்தகம் வாங்குவதை மறந்து வருகின்றனர். அதற்கு அவர்களினும் பெரிய காரணர் பழைய மாணவரும் ஆசிரியருமாகிய நாமே. இதனை விழா மலரிலே எழுதுதல் பொருந்துமோ என்று முதலிற் தயங்கினேன். விழாவிலே கூடும் அன்பர் கூட்டம் வேறெந்நாளிற் கூடும் என்று பின்னர் துணிந்தேன்.

யாழ்ப்பாணத்துப் புத்தக வணிகத்தைப் பேசுவோர் நயினாதீவைப் பேசாது விடல் இயலாது. ஆஸ்பத்திரி வீதியிலே பஸ் நிலையத்தை அடுத்து விளங்கும் பூபாலசிங்கம் புத்தகசாலையை 1940களில் நிறுவிய ஆர். ஆர். பூபாலசிங்கம் அவர்கள் நயினாதீவைச் சேர்ந்தவர். தீவகத்தவன் ஒருவன் குறிகட்டுவான் பஸ்ஸால் இறங்கிச் சில அடி நடந்தால் அந்தக் கடை. கச்சேரியென்றும் கோடென்றும் ஆஸ்பத்திரியென்றும் நகரிலே அலைந்தவன், திரும்பிப் போகும் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கும் வேளையிலே பத்திரிகையைப் புரட்டுவான். அடுத்த முறை சஞ்சிகையைப் புரட்டுவான். பின்னொரு நாள் நூலொன்றை வாங்கி மடியிலே செருகிக்கொண்டு படகேறுவான். வாசகர் உண்டாவது இவ்வாறுதான் என்பது என் துணிபு. நூலகத்துக்குச் செல்பவன் முன்னரே வாசகன். கடைவாசலிலே நிற்பவனோ இன்னும் வாசகன் ஆகாதவன்.

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கி யாழ்ப்பாண நகர் எரிந்தது. பொதுசன நூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பரான செய்தியை உலகம் அறியும். அதே நாட்களிலே ‘ஈழநாடு’ பணிமனையும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் எரியுண்டன என்பதை எம்மவர் பலர் மறந்துவிட்டனர். நூலகத்தைக் கட்டித் தரவேண்டும் என்று கேட்பதற்கு ஊர் இருந்தது. கடைக்காகக் கேட்பார் யார்? ஆயினும் அக்கடை மீண்டும் திறந்தது; இன்றும் திறந்திருக்கின்றது. 1966ஆம் ஆண்டு ‘மல்லிகை’யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா அவர்கள் தம் சஞ்சிகையைக் கையிலே சுமந்து சென்று தெருத்தெருவாக விற்ற காட்சியையும் இங்கே நினைத்துக்கொள்கின்றேன். எழுத்தாளனைப் போற்ற எமக்குப் பொன்னாடை உண்டு. விற்பவனைப் போற்றும் வழக்கம் எம்மிடம் இல்லை.

என் கதையைச் சிறிது கூறுதற்கு வாசகர் பொறுத்தருள வேண்டும். 1991ஆம் ஆண்டு தீவகத்து மக்கள் பெரும்பாலோர் ஊரை விட்டு நீங்கியபோது எனக்குப் பத்து வயது. நல்லூர்ப் பக்கத்திலே உறவினர் வீடொன்றின் விறாந்தையிற் குடியிருந்தோம். பொருளாதாரத் தடையின் காலம் அது. செய்தித்தாளைக் கொப்பித் தாளிலே அச்சிட்டார்கள். அண்மையிலே ஒரு சிறு கடை. பழைய புத்தகமும் விற்பார்கள். கடைக்காரர் முதியவர். நாளும் பின்னேரத்தில் யான் அங்கே நின்றபடி வாசிப்பேன். ஒருநாள் அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, “இரு தம்பி, கால் உளையும்” என்றார். அவ்வளவே. நான்கு மாதம் சேர்த்த காசிலே அவரிடம் யான் வாங்கிய முதல் நூல் நாவலர் பெருமானின் நான்காம் பாலபாடம், முன்னட்டை இல்லாதது. 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே அது கைவிட்டுப் போயிற்று. ஆயினும் ஒரு வாக்கியம் எங்கே நிற்கவேண்டும், எங்கே ஓடவேண்டும் என்பதை யான் கற்றது அதனிடத்திலேதான். பின்னர் கோப்பாய் ஆசிரிய கலாசாலையிலே கற்றவை அதன் விளக்கவுரை எனலாம்.

நிற்க. இன்றைய நிலை யாது? நகரத்துப் புத்தகசாலை எதனுள்ளே புகுந்தாலும் முன்மேசையை நிறைத்திருப்பவை தரம் 5 புலமைப்பரிசில் வழிகாட்டிகளும் கடந்தகால வினாத்தாள்களுமே. கடைக்காரரைக் குறை சொல்லேன். அவர் வாடகையைக் கட்டுவது அவற்றாலே. கவிதைத் தொகுதியால் அன்று. பெற்றோரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்திலே 360 ரூபாவளவில் நின்றது. அவ்வாண்டு தாள் கிடையாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் நூலின் விலை அன்று ஏறியது. முன்னிருந்த இடத்துக்கு இன்னும் இறங்கவில்லை. கடலை நம்பி வாழும் தகப்பன் மண்ணெண்ணெய் வாங்குவானா, நாவல் வாங்குவானா?

இவ்விடத்திலேதான் பழைய மாணவரின் உதவி வருகின்றது, வந்தும் இருக்கின்றது. ஆனால் அது வரும் வகையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை. யான் முன்னர் கற்பித்த ஒரு பாடசாலைக்கு வெளிநாட்டிலிருந்து பதினொரு பெட்டி புத்தகம் வந்தது. அனுப்பியவர்கள் நல்லவர்கள், கப்பற் கூலியே பெருந்தொகை. வரவேற்பு நடந்தது; படம் எடுத்தோம். பெட்டியைத் திறந்தால் பாதி ஆங்கிலக் கணினி நூல்கள், அவையும் காலங்கடந்தவை. மீதி பெரியோர்க்குரிய வார சஞ்சிகைகளின் பழைய கட்டு. எல்லாவற்றையும் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். திறப்பு ஒருவரிடம் இருந்தது; அவர் மாற்றலாகிச் சென்றபோது திறப்பும் சென்றது. இரண்டு மாரி கழிந்து பூட்டை உடைத்தபோது உள்ளே கறையான் புற்று. அக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. பூட்டை முன்னரே உடைத்திருக்கலாம். ‘பொதுச் சொத்து’ என்று அஞ்சி வாளாவிருந்தேன்.

அதன் பின்னர் வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தேன். கனடாவில் வதியும் என் வகுப்புத் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு பணம் அனுப்ப விரும்பியபோது, புத்தகம் வேண்டாம், பஸ் கூலியும் ஆளுக்கு 1,500 ரூபாவும் தருக என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை பன்னிரண்டு பிள்ளைகளுடன் புறப்பட்டேன். அவர்களுள் இருவர் நெடுந்தீவுப் பிள்ளைகள். ஒரு மணி நேரம் கடலிலே வந்து, பின்னர் குறிகட்டுவானிலிருந்து பஸ்ஸேறியவர்கள். நகரிலே இரண்டு கடைகளுக்குச் சென்றோம். யான் விதித்த நிபந்தனை ஒன்றே: வினாத்தாளும் வழிகாட்டியும் வாங்கலாகாது. மற்றெதையும் அவரவரே தெரிந்து கொள்ளலாம். ஆசிரியன் வாய் திறவான்.

வாய் திறவாதிருத்தல் எத்துணைக் கடினம் என்பதை அன்று அறிந்தேன். ஒருவன் அரை மணி நேரம் விலையை மாத்திரமே பார்த்துக்கொண்டு நின்றான். பொருளின் பெறுமதியைத் தானே நிறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவனுக்கு அதற்கு முன் வாய்க்கவில்லை. மூவர் காசைச் சேர்த்து ஒரு பெரிய நாவலை வாங்கி, யார் முதலில் வாசிப்பது என்று பஸ்ஸிலே வழக்காடினர். தரம் 10இற் பயிலும் மாணவி ஒருத்தி இயந்திரம் பழுதுபார்க்கும் நூலொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “சேர், இதை எடுக்கலாமோ? அப்பான்ரை வள்ளத்து எஞ்சின் நெடுக நிண்டுபோகுது” என்றாள். தமிழாசிரியனுக்கு நெஞ்சு சற்றே வாடியது. எடு பிள்ளை என்றேன். ஒரு மாதங் கழித்து, அதிலே ‘உராய்வு’ என்றொரு சொல் வருகின்றதே, ‘உரசல்’ என்பதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு என்று என்னிடமே கேட்டாள். அவ்வாண்டு என்னிடம் வந்த இலக்கண வினாக்களுள் மிக நல்லது அதுவே.

கடைவாசலிலே பிள்ளைகள் “எதை வாசிக்கலாம்?” என்று தாமாகக் கேட்டால் யாது சொல்வது? கேட்டவர்க்கு யான் சொன்னவற்றை ஈண்டுக் குறிக்கின்றேன். இது என் விருப்பப் பட்டியல்; தமிழிலக்கியத்தின் தரப்பட்டியல் அன்று.

சிறு வகுப்பினர்க்கு நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ‘சிறுவர் செந்தமிழ்’. எங்கள் பனையும் கூழும் பண்டிகையும் கவிதையாகலாம் என்பதை அதனிலும் எளிதாக எதுவும் காட்டாது. நடுவகுப்பினர்க்குத் தனிநாயகம் அடிகளாரின் ‘ஒன்றே உலகம்’ என்ற பயண நூல். அடிகளார் 1913ஆம் ஆண்டு ஊர்காவற்றுறைப் பகுதியிலே கரம்பொன்னில் அவதரித்தவர். அந்தாம் தெ புரொயென்சா பாதிரியார் தொகுத்து 1679இல் அச்சாகிய தமிழ் - போர்த்துக்கேய அகராதியின் படியை வத்திக்கான் நூலகத்திலே கண்டு, 1966இல் அதை மறுபதிப்பாக வெளியிட்டவரும் அவரே. அவ்வாண்டு கோலாலம்பூரிலே முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கூடியதும் அவர் முயற்சியால். ஒரு புத்தகத்தைத் தேடிக் கரம்பொன்னான் உரோமாபுரி வரை செல்லலாம் எனில், நெடுந்தீவுப் பிள்ளை யாழ்ப்பாணம் வரை செல்லலாகாதா?

உயர்தர வகுப்பினர்க்கு மு. தளையசிங்கம். புங்குடுதீவினர், ஆசிரியர். கண்ணகை அம்மன் கோயிற் கிணற்றிலே தாழ்த்தப்பட்டோரும் நீர் அள்ளும் உரிமைக்காக 1971இற் போராடிச் சிறை சென்றவர். நாற்பது வயது நிரம்பு முன்னரே 1973இல் மறைந்தார். ‘புதுயுகம் பிறக்கிறது’ என்ற சிறுகதைத் தொகுதியிலிருந்து தொடங்குவது நன்று. ‘மெய்யுள்’ பின்னர் ஆகட்டும். அவருடைய தத்துவத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல. கோயிற் கிணற்றுக் கதையையோ நாம் எவரும் வகுப்பிலே சொல்வதில்லை. சொல்லாமைக்குக் காரணம் நாணம் என்றே எண்ணுகின்றேன். சைவக் கல்லூரியொன்றின் மலரிலே இதனைச் சொல்லுதல் தகும். எம் கோயில், எம் கிணறு அன்றோ?

அதே ஊரினரான சு. வில்வரத்தினத்தின் ‘காற்றுவழிக் கிராமம்’ 1995இல் வெளிவந்தது. ஆட்களற்ற ஊரிலே கதவும் மரமும் காற்றும் என்ன செய்தன என்பதை அதிலே வாசித்தபோது, பத்து வயதில் யான் விட்டு வந்த வீட்டை முதன்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். இடப்பெயர்வின் பின் பிறந்த மாணவர்க்கு அதனை ஆசிரியர் உடனிருந்து வாசித்தல் வேண்டும். அல்லைப்பிட்டியினரான ஷோபாசக்தியின் ‘கொரில்லா’வை மாணவர்க்குச் சொல்லேன், பழைய மாணவர்க்குச் சொல்வேன். நடை முரடு, சொல் சில இடங்களிற் கூசும். இலக்கண ஆசிரியன் சிவப்பு மையை மூடி வைத்துவிட்டு வாசிக்கவேண்டிய நூல். ஆனால் எமது தலைமுறைக்கு நேர்ந்ததை முகம் திருப்பாது எழுதியவருள் அவர் ஒருவர். ஆசிரிய நண்பர்க்குப் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளையின் ‘இலக்கியவழி’ ஒன்று போதும். அதை வாசியாது கம்பனைக் கற்பிக்கப் புகுவோரைக் கண்டால் எனக்குச் சினம் வரும்.

இவற்றுட் சில எளிதிற் கிடையா என்பதை அறிவேன். கேட்டால்தான் கடைக்காரர் வருவிப்பார். ஒருவரும் கேளாத நூலை அவர் ஏன் அடுக்கி வைக்கவேண்டும்? “எல்லாம் கைப்பேசியிலே வாசிக்கலாமே” என்று கூறும் இளைஞர்க்கு: ஆம், வாசிக்கலாம். 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திலே ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பல்லாயிரம் விலையின்றிக் கிடைக்கின்றன. யானும் பதிப்பிலில்லாதவற்றை அங்கேதான் தேடுகின்றேன். அதனைத் தொடங்கி வளர்த்தோர்க்குத் தமிழாசிரியர் அனைவரும் கடன்பட்டவர். ஆனால் அங்கே நாம் சென்று தேடல் வேண்டும். எதைத் தேடுவதென்று அறியாத பிள்ளைக்கு முக்காலியை இழுத்துப் போட அங்கே ஆள் இல்லை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நுழைவாயில் வளைவு ஆயிற்று, மேடை ஆயிற்று. அடுத்த ஆண்டுக் கணக்கிலே புத்தகப் பயணத்துக்கென ஒரு சிறு தொகையை ஒதுக்குக. தவணைக்கு ஒரு பயணம், பயணத்துக்குப் பதினைந்து பிள்ளைகள். பிள்ளைக்கு 1,500 ரூபா வீதம் ஆண்டுக்கு 67,500 ரூபாவும் பஸ், படகுக் கூலியும் ஆகும். வாங்கிய நூல் பிள்ளைக்கே உரியது. அலுமாரி வேண்டா, திறப்பும் வேண்டா. வாசித்த பின் மற்றொருவனுக்கு மாற்றிக் கொடுப்பதும் கொடாததும் அவன் விருப்பம்.

அடுத்த பயணம் இத்தவணைப் பரீட்சை முடிந்த முதற் சனிக்கிழமை. குறிகட்டுவானிலிருந்து காலை முதற் பஸ்ஸிலே புறப்படுவோம். நெடுந்தீவுப் பிள்ளைகளின் கடைசிப் படகுக்கு முன் திரும்புவோம். விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் பழைய மாணவர் இருவருக்கு இடமுண்டு. வருவோரும் ஒரு நூல் வாங்கல் வேண்டும்; தம் சொந்தக் காசில்.