தூசி பிறப்பது தகட்டில்

பட்டி தேய்க்கிற நாளில் வீட்டுக்காரரை அந்தப் பக்கமே வரவேண்டாம் என்று சொல்லிவிடுவது நம் பெயிண்டிங் தொழிலில் வழக்கம். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, தலையிலும் மூக்கிலும் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேர் உப்புத்தாளோடு உள்ளே போகிறார்கள். மாலையில் வெளியே வரும்போது புருவமும் கண்ணிமையும் வெளுத்துப் போயிருக்கின்றன. வீட்டுக்காரருக்கு ஆகாத காற்று வேலை செய்பவருக்கு மட்டும் எப்படி ஆகும்? 2019 நவம்பரில் தனி மாவட்டமானதிலிருந்து கள்ளக்குறிச்சியைச் சுற்றி வீட்டு வேலை பெருகியிருக்கிறது. பட்டி இல்லாமல் பெயிண்ட் அடிக்கச் சம்மதிக்கும் வீட்டுக்காரரைப் பார்ப்பதும் அரிதாகிவிட்டது. வேலை கூடக்கூட, தேய்ப்புத் தூசியை இந்தத் தொழிலோடு பிறந்த விதியாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம். அதைத்தான் இங்கே மறுக்க விரும்புகிறோம். அந்தத் தூசியில் பெரும்பகுதி உப்புத்தாள் சுவரைத் தொடுவதற்கு முன்பே, பட்டித் தகட்டில் தீர்மானமாகிவிடுகிறது. மிச்சத்தை அது எழும் இடத்திலேயே பிடிக்கலாம். முகமூடியின் முறை கடைசியில்தான் வருகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி. கதவு ஜன்னல் கழித்தால் சுவரும் மேல்தளமும் சேர்ந்து ஏறக்குறைய 450 சதுர அடி. அதில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தேய்த்தெடுத்தாலே நான்கு லிட்டருக்கு மேல் பொடி விழும். எடை ஆறு கிலோ அளவுக்கு வரும். தகட்டுக் கோடுகள் தடித்து நின்று 0.3 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டி வந்தால் 18 கிலோ. காசு கொடுத்து வாங்கிய 40 கிலோ மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பட்டியைச் சுவரில் ஏற்றி, கூலி கொடுத்து இறக்கி, மூச்சில் இழுத்து, மீதியைக் கூட்டி வெளியே கொட்டுகிறோம். தேய்க்கும் ஆளைக் குறை சொல்வதற்கு முன் பட்டி போட்ட கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பல நேரம் அந்தக் கையையும் குறை சொல்ல முடியாது. கொத்தனார் பூச்சை மட்டப்பலகை வைத்துச் சரிபார்க்காமல் விட்ட பள்ளத்தையெல்லாம் பட்டியால் நிரப்பச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்? இரண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டிய பொருளைப் பள்ளம் மூடும் காரையாகப் பயன்படுத்தினால் மேடு வரும். மேடு வந்தால் தேய்ப்பு வரும்.

தூசி எவ்வளவு என்பதற்கு அளந்தெடுத்த சான்று உண்டு. அமெரிக்க வீடுகளில் உட்சுவர் ஜிப்சம் பலகை. பலகைகளின் இணைப்புகளைப் பசையால் மூடி, காய்ந்ததும் தேய்ப்பார்கள். அந்நாட்டின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் இந்த வேலையை ஆராய்ந்து 1999-இல் முடிவுகளை வெளியிட்டது. அங்கே சட்டம் அனுமதிக்கும் மொத்தத் தூசி ஒரு கனமீட்டர் காற்றில் 15 மில்லிகிராம். தேய்ப்பவர்கள் அதைப்போல் பத்து மடங்கு வரை சுவாசித்தார்கள். நுரையீரலின் அடிவரை போகும் நுண்தூசிக்கான 5 மில்லிகிராம் வரம்பும் மீறப்பட்டது. உறிஞ்சும் குழாய் பொருத்திய தேய்ப்புக் கருவிகள் ஐந்தைச் சோதித்ததில் தூசி 80 முதல் 97 விழுக்காடு வரை குறைந்தது. அந்த ஊர் அளவு இந்த ஊருக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. ஆனால் அங்கே தேய்ப்பது பெரும்பாலும் இணைப்புப் பட்டைகளையும் ஆணித் தலைகளையும்தான். நாம் மூலைக்கு மூலை முழுச் சுவரையும் தேய்க்கிறோம்.

‘வெறும் சுண்ணாம்புப் பொடிதானே, என்ன செய்துவிடும்?’ என்பது இந்தத் தொழிலில் ஊறியவர்கள் முதலில் சொல்லும் மறுப்பு. வெள்ளைச் சிமெண்ட் பட்டியில் சிமெண்டும், டோலமைட் அல்லது சுண்ணாம்புக்கல் மாவும், ஒட்டுப் பொருளும் இருக்கின்றன. சிமெண்டின் காரம் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும் என்பதற்கு ஆய்வு வேண்டாம். தேய்த்த அன்று இரவு இருமுகிறவருக்கே தெரியும். கல்மாவோடு எவ்வளவு குவார்ட்ஸ் கலந்திருக்கிறது என்பது கல் வந்த இடத்தைப் பொறுத்தது. குவார்ட்ஸ் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே வகைப்படுத்திவிட்டது. ஒவ்வொரு மூட்டையிலும் ஆபத்தான அளவு இருக்கிறது என்று நாம் சொல்லவில்லை. எந்த மூட்டையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே கவனமாக இருக்கப் போதுமான காரணம். கண்ணுக்குத் தெரியும் பொடி சில நிமிடங்களில் தரையில் விழுந்துவிடும். இரண்டு மைக்ரான் அளவுள்ள கல்துகள் பத்தடி உயரத்திலிருந்து அசையாத காற்றில் தரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மதியச் சாப்பாட்டுக்கு அதே அறையில் உட்காரும்போது காற்று தெளிந்துவிட்டதாகத் தோன்றும். அப்போது உள்ளே போவதுதான் நுரையீரலில் தங்குவது.

பழைய வீட்டில் இந்த மறுப்புக்கே இடமில்லை. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பொங்கலுக்கு முன் நாம் சுரண்டித் தேய்க்கும் கதவு, ஜன்னல் கிரில், பழைய எனாமல் சுவர் பலவும் அதற்கு முந்தியவை. அவற்றை உலர்வாகத் தேய்க்கவே கூடாது. அந்தப் பொடி சட்டையோடு நம் வீட்டுக்கு வந்து, தரையில் தவழும் குழந்தையின் கைக்கும் வாய்க்கும் போகிறது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதையும் மருத்துவ உலகம் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதல் வேலை தகட்டில். பூச்சு நன்றாக ஆறிய சுவரை நனைத்துவிட்டு, முதல் கோட்டை மெல்லிசாக இழுத்து, அது இறுகியதும் உதிரியை ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்தால் அந்தக் கட்டத் தேய்ப்பே பெரும்பாலும் மிச்சம். இரண்டாம் கோட்டுக்கு முன் ஒரு விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும். மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து நிற்கும். தேவைப்படும் இடத்தில் மட்டும் கை வைத்தால் போதும். நம்மில் பலர் இந்த விளக்கைப் பெயிண்ட் அடித்த பிறகுதான் எடுக்கிறோம், அதுவும் வீட்டுக்காரர் குறை சொன்ன பிறகு.

அடுத்தது பிடிப்பது. உறிஞ்சு குழாயோடு வரும் நீளக்கை தேய்ப்பு மிஷின் இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. தூளை இழுக்கும் வேக்குவத்தில் சாதாரணப் பை இருந்தால், கனமான பொடி உள்ளே நின்று நுண்பொடி பின்பக்கமாக அறைக்கே திரும்பிவிடும். ஆகவே ஹெப்பா வடிகட்டி அவசியம். பட்டிப் பொடி வடிகட்டியைச் சீக்கிரம் அடைக்கும் என்பதால், நடுவில் ஒரு மூடிய வாளியைச் சுழல் பிரிப்பானாக வைப்பது செலவைக் குறைக்கும். ‘மிஷின் வட்டத் தடம் போடும், கைவேலையின் நேர்த்தி வராது’ என்பார்கள். முரட்டுத் தாளை மாட்டி அழுத்திப் பிடித்தால் அப்படித்தான் வரும். 180, 220 எண் தாளோடு மிஷினின் எடையை மட்டும் சுவரில் விட்டால் வராது. மூலைக்கும் சுவிட்ச் பெட்டி ஓரத்துக்கும் கை வேண்டும்; அதை மறுக்கவில்லை. 450 சதுர அடியில் மூலை எவ்வளவு?

கல்வராயன் மலையில் இந்தக் கணக்கு மாறுகிறது, அதைப் பேசாமல் விட முடியாது. 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்ட வீட்டின் அளவு 360 சதுர அடி. இப்படிப்பட்ட சிறிய கான்கிரீட் வீட்டுக்குள் ஒரு மூட்டைப் பட்டியின் தூசி எவ்வளவு நெருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பனியும் மழையுமாக இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில் அங்குள்ள வெள்ளிமலையில் பட்டி காய நாளாகும். காயாத பட்டியைத் தேய்த்தால் தாள் அடைத்துச் சுவர் கீறும். திரும்பப் பட்டி, திரும்பத் தேய்ப்பு. மின்சாரம் நிற்கும் நாளில் மிஷினும் இல்லை. இங்கே ஈரப் பஞ்சும், முகத்தைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கும் நீளக் கம்புத் தேய்ப்பானும்தான் பொருத்தம். காற்று வரும் திசைக்கு முதுகைக் கொடுத்து, எதிர் ஜன்னலைத் திறந்துவைத்துத் தேய்ப்பதற்குச் செலவே இல்லை. மலையிலிருந்து இறங்கி இந்த வேலைக்கு வரும் மலையாளிப் பழங்குடி இளைஞர்களுக்கு நாம் முதலில் கொடுப்பது பெரும்பாலும் உப்புத்தாள்தான், தகடு அல்ல. தொழிலின் தூசியெல்லாம் அவர்களுக்கு, நுணுக்கம் நமக்கு என்ற பங்கீடு நியாயமாகாது.

இதே மாவட்டத்தில், 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்தைச் செய்பவர்களும் உப்புத்தாளோடுதான் வேலையை முடிக்கிறார்கள். மரத்தூளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உறுதியான வகையில் இருப்பதே. உறிஞ்சும் கருவியைக் கூட்டாக வாங்குவது பற்றிப் பேச நமக்கு அருகிலேயே ஒரு கூட்டாளி இருக்கிறார்.

முகமூடியே போதாதா என்பவர்களுக்கு: மூக்கில் சுற்றிய துண்டு நுண்தூசியைத் தடுக்காது. ஐ.எஸ். 9473 என்ற இந்தியத் தரத்தில் எஃப்எஃப்பி2 வகை முகமூடி தடுக்கும்; ஆனால் முகத்தோடு ஒட்டி நின்றால் மட்டுமே. சித்திரை வெயிலில், மின்விசிறி நிறுத்திய அறையில், எட்டு மணி நேரம் அதை ஒழுங்காக அணிந்து ஒருவர் சாரத்தில் நிற்பார் என்று நம்பித் திட்டம் போடுவது ஆளைத் தண்டிப்பதற்குச் சமம். மூலைத் தேய்ப்புக்கும் வடிகட்டி கழுவும் நேரத்துக்கும் அது இருக்கட்டும். வேலை முடிந்ததும் உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்கட்டும்.

கடைசி மறுப்பு ரேட். சதுர அடிக் கணக்கில் பேசும் வேலையில் இதற்கெல்லாம் யார் தருவார் என்பது பொய்யான கேள்வியல்ல. 1996-இல் வந்த கட்டுமானத் தொழிலாளர் சட்டமே, சொந்தக் குடியிருப்புக்காக ஒருவர் பத்து லட்சம் ரூபாய்க்குள் செய்யும் வேலையைத் தன் எல்லைக்கு வெளியே விட்டது. நம் வேலையில் பெரும்பகுதி அந்த விலக்குக்குள்தான் நடந்திருக்கிறது. சட்டம் வரும்வரை காத்திருக்காமல் கொட்டேஷனில் எழுதலாம். பிரைமருக்கு ஒரு வரி, பட்டிக்கு ஒரு வரி என்று எழுதுகிற நாம், ‘தூசி பிடிப்புடன் தேய்ப்பு’ என்று ஒரு தனி வரி போட்டு, வடிகட்டி, தாள், மிஷின் வாடகையை அதில் சேர்க்க வேண்டும். பூச்சின் மட்டத்தைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பட்டி தொடங்கும் என்பதையும் அதன் கீழே எழுத வேண்டும். அந்த வரியை அடிக்கச் சொல்லும் வீட்டுக்காரரிடம் மேலே போட்ட கிலோக் கணக்கைக் காட்டலாம். குடியிருக்கும் வீடாக இருந்தால், அந்தப் பொடி போய் உட்காரும் சமையலறை அலமாரியையும் ஏசியையும் சேர்த்துக் காட்டலாம். ஒரு ஊரில் ஒரு கான்ட்ராக்டர் மட்டும் எழுதினால் வேலை அடுத்தவருக்குப் போகும். சின்னசேலம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி கான்ட்ராக்டர்கள் கூடிப் பேசி, இந்தத் தை மாதத்து வேலைகளிலிருந்தே எல்லோரும் ஒரே வரியை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.