மாரிகால விருந்தாளிகளும் எமது வயல்வரம்பும்

கடந்த ஜனவரியில் ஒரு காலை, மன்னார் மாந்தை மேற்கில் வயல்வரம்பொன்றில் நாம் நின்றுகொண்டிருந்தோம். நெல் குடலைப் பருவம். வெள்ளை நிற வான் ஒன்று றோட்டோரமாக வந்து நின்றது. வழிகாட்டியோடு பத்துப் பேர் இறங்கினார்கள்; பெரும்பாலும் ஓய்வூதியம் பெறும் வயதினர். கழுத்தில் தொலைநோக்கி, தலையில் தொப்பி. சுமார் இருபது நிமிடம் நாரைகளையும் கொக்குகளையும் பார்த்தார்கள், களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களைப் படம் எடுத்தார்கள், சிரித்துக் கையசைத்துவிட்டுப் போனார்கள். வரம்பில் இருந்த மூதாட்டி ஒருவர் எம்மைக் கேட்டார்: "சுவாமி, எங்கட வயலைப் பாக்கிறதுக்கு இவையள் காசு கட்டித்தான் வந்தவையாம். ஆருக்குக் கட்டினவை?"

இக்கேள்வியைத்தான் இம்முறை எடுத்துக்கொள்கிறோம்.

ஐரோப்பாவில் டிசம்பர் முதல் மார்ச் வரை கடும் குளிர். நேரத்தோடே இருட்டிவிடும். வசதியுள்ளவர்கள் இரண்டு வாரம் வெப்பநாடுகளுக்கு வந்துவிடுகிறார்கள். பெரிய பஸ்ஸில் நாற்பது பேராக வருவதை விரும்பாதவர்கள் எட்டு, பத்துப் பேர் கொண்ட சிறு குழுவாக வருகிறார்கள். நீர்கொழும்பு, சீகிரியா, கண்டி, நுவரெலியா, யால, காலி என்பது அவர்களது வழமையான பாதை. அம்மாதங்களில் கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவமழை என்பதால் அப்பக்கம் போவது குறைவு. யுத்தம் முடிந்து, 2015இல் தலைமன்னார்ப் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னர் மன்னாரும் சிலரது பாதையில் சேர்ந்துகொண்டது. வங்காலைச் சரணாலயம் 2010இல் றாம்சார் ஈரநிலமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. வடதுருவப் பக்கத்துக் குளிருக்குத் தப்பி வரும் வாத்துகளையும் உள்ளான்களையும், அங்கு கூடும் பூநாரைகளையும் பார்க்கத்தான் இந்த வான்கள் வருகின்றன. குளிருக்குத் தப்பி வரும் பறவையைப் பார்க்கக் குளிருக்குத் தப்பி வரும் மனிதர்! இதில் எமக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் அவர்களுக்கு ஓய்வான அந்த மாதங்கள் எமக்குக் காலபோகம். ஆண்டின் உழைப்பெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

மூதாட்டிக்கு நாம் சொன்ன பதில் இது. பணத்தை அவர்கள் தங்கள் ஊரிலேயே கட்டிவிடுகிறார்கள். விமானக் கம்பனிக்கு ஒரு பங்கு, பயண முகவருக்கு ஒரு பங்கு, கொழும்பிலுள்ள கம்பனிக்கும் விடுதிக்கும் வானுக்கும் மிகுதி. வயல்வரம்பு வரை வந்து சேர்வது கையசைப்பு மட்டுமே. வழியில் இளநீர் குடித்தால் அந்தக் கடைக்காரருக்குக் கொஞ்சம்.

இதைக் கேட்டு அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா? அப்படிச் சிலர் எம்மிடம் சொல்கிறார்கள். நாம் உடன்படவில்லை. சிறு குழு என்பது எமக்கு வசதியான விருந்தாளி. அவர்களுக்கு நூறு அறைகொண்ட விடுதி வேண்டியதில்லை. சுத்தமான மலசலகூடம், நுளம்புவலை, மீன்குழம்போடு ஒரு சோறு, பறவை எந்தக் குளத்தில் எப்போது இறங்கும் என்று தெரிந்த ஒரு பொடியன் போதும். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் எந்த ஊரிலும் இவை இருக்கின்றன.

நாம் அஞ்சுவது வேறொன்றை. வானுக்குப் பின்னால் தரகர் வருகிறார். கடனில் இருக்கும் குடும்பமாகப் பார்த்து, கடல்நீரேரிப் பக்கக் காணிக்கு விலை பேசுகிறார். மெனிக் பாம் முகாமிலிருந்து திரும்பி வந்து, பற்றை வெட்டி, வீடு கட்டி முடிக்குமுன் நகையெல்லாம் அடைவில் போன குடும்பங்களுக்கு அந்த விலை பெரிதாகத் தெரியும். பேமிற் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ குத்தகைக்குக் கொடுக்கவோ முடியாது. வெற்றுத் தாளில் கையெழுத்து வைத்தவர்கள் பின்னர் அலைவதைப் பார்த்திருக்கிறோம்.

அம்பாறை மாவட்டத்தின் பாணமையை நினைத்துப் பாருங்கள். அங்கே விவசாயக் குடும்பங்கள் 2010 யூலையில் விரட்டப்பட்டன; குடிசைகள் எரிக்கப்பட்டன. அந்தக் கடற்கரையில் பின்னர் படைமுகாமும் உல்லாச விடுதியும் எழுந்தன. அவர்களில் பெரும்பாலோர் சிங்கள விவசாயிகள். நிலம் பறிபோவதற்கு இனம் தடையாக இருக்கவில்லை.

உல்லாசப் பயணத்தை மட்டும் நம்பிய ஊருக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. 2018இல் நாட்டுக்கு வந்தவர்கள் 23 இலட்சத்துக்கும் மேல். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலும், பின்னர் கொரோனாவும் வந்து, 2021இல் அது 2 இலட்சத்துக்கும் கீழே போனது. பின்னர் மீண்டும் ஏறியது உண்மை. ஆனால் அந்த இடைக்காலத்தில் விடுதிகள் பூட்டிக் கிடந்தன, வயல் பூட்டிக் கிடக்கவில்லை. காணியை விற்று விடுதியில் காவலாளியானவர் அந்த வருடங்களில் என்ன சாப்பிட்டிருப்பார்?

ஆகவே காணியை வைத்துக்கொண்டு சோற்றை விற்போம் என்பது எமது கருத்து. ஒவ்வொரு வீடும் தனித்தனியாக வழிகாட்டியோடு பேரம் பேசினால் விலை இறங்கும். சங்கமாகப் பேசுங்கள். கையில் எவ்வளவு, எப்போது என்று எழுதி வாங்குங்கள்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். முகாமில் இருந்த நாட்களில் எமக்கும் வெளிநாட்டு விருந்தினர் வந்தார்கள். குறிப்பேடு, கமரா, இருபது நிமிடம். கூடாரத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பொதிசுமக்கும் சனமாய் நின்ற அந்தப் படங்களில் இருந்தவர்களை எவரும் கேட்டுவிட்டு எடுக்கவில்லை. இன்று இடிந்த வீட்டின் முன் கமரா தூக்குபவரிடம், "முதலில் கேளுங்கோ" என்று சொல்ல எமது பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. சொன்னால் பெரும்பாலானோர் வெட்கப்பட்டுக் கமராவை இறக்குகிறார்கள். இதை நாம் கண்டிருக்கிறோம்.

அந்த மூதாட்டியின் ஊரில் மாதர் சங்கத்தார் வழிகாட்டியோடு பேசிவிட்டார்கள். மதியச் சாப்பாடு ஊரில்தான், தலைக்கு இவ்வளவு, காசு அன்றே சங்கத்தின் கையில். அடுத்த குழு பெப்ரவரி கடைசியில் வருமாம். அது அறுவடை நேரம். வெட்டுக்குப் போவதா, சமையலுக்கு நிற்பதா என்று சங்கத்தில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.