மாடிப்படி ஜன்னலைத் துடைப்பது யார்?

பிளாட் சங்கங்களில் தீராத தகராறு! கரண்ட் பில் ஏறுகிறது. கயிறு இல்லாமல் ஏறுகிறவன் உயிர் ஊசலாடுகிறது!

சென்னை நகரில் எந்த அடுக்குமாடிக் கட்டிடத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். வாசலில் கிரானைட் பளபளக்கும். லிப்டுக்குள் தலை வாரிக்கொள்ளக் கண்ணாடி இருக்கும். ஆனால் லிப்டை விட்டுவிட்டு மாடிப்படி ஏறுங்கள். முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில் ஒரு ஜன்னல். அதன் கண்ணாடி, மோர் தெளித்துக் காயவிட்ட மாதிரி வெள்ளை பூத்துக் கிடக்கும். வெளியே வெயிலா, மழையா தெரியாது. மூலையில் புறா எச்சம். பட்டப்பகலில் தலைக்கு மேலே டியூப் லைட் எரியும்.

"கண்ணாடி அழுக்கு ஒரு சமாச்சாரமா?" என்று நினைக்கலாம். சமாச்சாரம்தான். அதற்குள்ளே காசும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. ஓர் ஏழை ஆளின் உயிரும் இருக்கிறது.

மண்ணில் பங்கு, கண்ணாடியில் இல்லையா?

பிளாட் வாங்கும்போது பத்திரத்தில் 'பிரிக்கப்படாத பங்கு' என்று எழுதுகிறார்கள். யூ.டி.எஸ். என்றால் சென்னையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு சதுர அடி குறைந்தாலும் சண்டை போட்டு வாங்குகிறோம். மண்ணில் பங்கு உள்ளவருக்கு மாடிப்படியிலும், நடைபாதையிலும், லாபியிலும் பங்கு உண்டு. 1994-ல் வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்திலும் பொதுப்பகுதி என்று ஒன்று இருந்தது. 2022-ல் நிறைவேறி 2024-ல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்திலும் இருக்கிறது. அதைப் பராமரிப்பது சங்கத்தின் பொறுப்பு. செலவு எல்லார் தலையிலும்.

ஆனால் புதுச் சட்டம் என்றதும் ஜனங்கள் பேசுவது ஒரே ஒரு விஷயத்தைத்தான். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டிடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற விஷயத்தை! இடிப்பதற்குக் கையெழுத்து வாங்க வீடு வீடாக ஆள் போகிறார். இருப்பதைத் துடைப்பதற்கு ஆள் இல்லை.

சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிளாட்டில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். "நான் கீழ் வீட்டுக்காரன், மாடிப்படியே ஏர்றதில்ல. நான் எதுக்கு சார் குடுக்கணும்?" என்று ஒருவர் எழுந்திருப்பார். "நாங்க லிப்ட்லதான் போறோம்" என்பார் நாலாவது மாடிக்காரர். வாடகைக்காரர், "ஓனரைக் கேளுங்க சார்" என்று நழுவுவார். அந்த ஓனர் அமெரிக்காவிலிருந்து வாட்ஸ்அப்பில் கட்டை விரலைக் காட்டுவார், பணம் மட்டும் வராது. கடைசியில் செகரட்டரி, "அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம்" என்று முடித்துவிடுவார். பாவம், அவரும் சம்பளமில்லாத உத்தியோகம் பார்க்கிறவர்.

ஜாலி போய் கண்ணாடி வந்தது

இந்தத் தொல்லை ஆதியில் கிடையாது. பழைய வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகளைப் பாருங்கள். பல இடங்களில் மாடிப்படிச் சுவரில் கண்ணாடியே இருக்காது. ஓட்டை ஓட்டையாகச் சிமென்ட் ஜாலி வைத்திருப்பார்கள். காற்றும் வரும், வெளிச்சமும் வரும். துடைக்க வேண்டிய வேலை இல்லை. மழைச் சாரல் அடிக்கும், புறா கூடு கட்டும், அது வேறு கதை.

பிறகு வந்த பில்டர்கள் எடுப்பாக இருக்கட்டும் என்று கண்ணாடிக்கு மாறினார்கள். அதிலும் சிலர், திறக்கவே முடியாதபடி அடித்து நிறுத்திய கண்ணாடியை மூன்று மாடி உயரத்துக்கு வைத்துவிட்டார்கள். வரைபடத்தில் அழகாகத்தான் இருந்தது. உள்ளேயிருந்து கை எட்டாது. வெளியே நிற்க இடம் கிடையாது. இதை எப்படித் துடைப்பார்கள் என்று வரைந்தவரும் யோசிக்கவில்லை, வாங்கினவரும் கேட்கவில்லை.

அதோடு நம்ம ஊர்த் தண்ணீர் சேர்ந்துகொண்டது. போர் தண்ணீரில் உப்பு. அந்தத் தண்ணீரை மதிய வெயிலில் கண்ணாடி மேல் ஊற்றினால் நீர் பறந்துவிடும், உப்பு தங்கிவிடும். மேலே மேலே ஊற்றினால் கறை மேலே மேலே ஏறும். துடைத்ததால்தான் கெட்டது என்று சொல்லும்படி ஆகிவிடும்! கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் தன் பங்குக்குப் பூசிவிட்டுப் போகிறது.

பகலில் எரியும் விளக்கு

இப்போது காசுக் கணக்கைப் பார்ப்போம். மாடிக்கு ஒன்றாக நாலு டியூப் லைட், ஒவ்வொன்றும் 20 வாட். கண்ணாடி இருட்டடித்துப் போனதால் பகல் 12 மணி நேரமும் எரிகிறது. ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட். மாதம் சுமார் 29 யூனிட்.

பிளாட்டின் பொது மீட்டருக்கு வீட்டு மீட்டர் மாதிரி இலவச யூனிட் சலுகை கிடையாது. 2022 செப்டம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட் 8 ரூபாய் என்று வைத்தார்கள். கூச்சல் எழுந்தது. 2023-ல், 10 வீட்டுக்கு மேல் போகாத, மூன்று மாடிக்கு மேல் உயராத, லிப்ட் இல்லாத கட்டிடங்களுக்கு மட்டும் 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தார்கள். அதற்குப் பிறகும் கட்டணம் ஏறியிருக்கிறது. 8 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 2,800 ரூபாய்க்குக் குறையாது. சூரியன் இலவசமாகத் தருவதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சின்னக் கட்டிடத்தில் உள்ளேயிருந்து எட்டுகிற கண்ணாடிகளை வருஷத்தில் சில தடவை துடைக்க இந்தப் பணமே போதும்.

இன்னொன்று, காசைவிடப் பெரியது. புறா வருகிறது, கொசு வருகிறது என்று மாடிப்படி ஜன்னலைத் திறக்காமலே வைத்துத் துருப்பிடிக்க விடுகிறார்கள். சில இடங்களில் டேப் ஒட்டியே விட்டார்கள். கீழே மீட்டர் போர்டில் தீப்பிடித்தால் புகை எங்கே போகும்? மாடிப்படி வழியாகத்தான் மேலே ஏறும், புகைபோக்கி மாதிரி. லிப்டை அந்த நேரத்தில் தொடக்கூடாது. ஜனங்கள் இறங்க வேண்டிய வழியும் அதே மாடிப்படிதான். திறக்காத ஜன்னல் அங்கே எமனாகிவிடும். துடைக்கப் போகிற ஆள்தான் இந்த ஜன்னல் திறக்கிறதா இல்லையா என்பதைக் கண்டுபிடிக்கிற முதல் ஆள்.

"இருநூறு ரூபா தரேன், ஏறு"

இனிமேல் சொல்வதைச் செகரட்டரிகள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும்.

தீபாவளியோ பொங்கலோ வந்தால் சங்கத்துக்குத் திடீரென்று சுத்தம் ஞாபகம் வரும். கம்பெனி ஆளைக் கூப்பிட்டால் கூலி அதிகம். உடனே வாட்ச்மேன் தாத்தாவையோ, படிக்கட்டு பெருக்குகிற அம்மாவையோ கூப்பிடுவார்கள். "அந்த வெளிக் கண்ணாடியையும் ஒரு துடை துடைச்சிரும்மா, இருநூறு ரூபா தரேன்." அந்த அம்மா, "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக வெளியே காலை வைத்துச் சன்ஷேடில் இறங்குவார். ஈரக் கால். பாசி பிடித்த சிமென்ட். ஒரு கையில் துணி, ஒரு கையில் கம்பி. சன்ஷேடு என்பது மழையைத் தடுக்கப் போட்டது. ஆள் நிற்கப் போட்டதல்ல. முப்பது வருஷத்துக் கட்டிடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பியிருக்கும். வெளியே பெயின்ட் மட்டும் புதுசாக இருக்கும்!

கயிறு கட்டி இறங்குகிறார்களே என்றால், அதிலும் பாதி இடங்களில் வேடிக்கைதான். இடுப்பில் ஒரே கயிறு. மறுமுனை தண்ணீர் டேங்க் குழாயில் கட்டியிருக்கும், இல்லாவிட்டால் கைப்பிடிச் சுவரைச் சுற்றியிருக்கும். முறையான வேலைக்கு இரண்டு கயிறு வேண்டும். ஒன்றில் ஆள் தொங்குவான், இன்னொன்று காப்புக் கயிறு. இரண்டும் தனித்தனி இடத்தில், ஆள் பாரம் தாங்கும் கொக்கியில் கட்டப்பட வேண்டும். தோள், மார்பு, தொடை எல்லாம் சேர்த்துப் பிடிக்கிற முழு உடல் பெல்ட் வேண்டும். இதற்கு ஐ.எஸ். 3521 என்று இந்தியத் தர எண்ணே இருக்கிறது. வெறும் இடுப்பு பெல்ட்டோடு விழுந்தால் கயிறு பிடிக்கும், முதுகெலும்பு போய்விடும். மொட்டை மாடியில் ஒரு ஆள், கீழே ஜனங்கள் வராமல் பார்க்க ஒரு ஆள். காற்று பலமாக அடித்தால் வேலை கிடையாது.

"காண்ட்ராக்டர் பாத்துப்பார்" என்று சொல்லி ஒதுங்க முடியுமா? அலட்சியத்தால் உயிர் போனால், பழைய இ.பி.கோ. 304-ஏ பிரிவில் அதிகபட்சம் 2 வருஷம் ஜெயில். 2024 ஜூலை 1-ந் தேதி முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில் அது 5 வருஷம் வரை போகிறது. கயிறு இல்லாமல் ஏறச் சொன்னது யார் என்று போலீஸ் கேட்கும்போது, வாட்ஸ்அப் குரூப்பில் 'ஓகே' போட்டவர்கள் எத்தனை பேர் முன்னால் வந்து நிற்பார்கள்?

செத்தவன் குடும்பத்துக்கு அதெல்லாம் ஆறுதல் ஆகாது. சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் இறங்கி நேரே கயிற்றில் தொங்க வந்த வடமாநிலப் பையனாக இருந்தால், ஊருக்குத் தகவல் சொல்லவே ஆள் தேட வேண்டும்.

செலவு எவ்வளவு பெரிசு?

எல்லாக் கண்ணாடிக்கும் கயிறு தேவையில்லை. உள்ளேயிருந்து எட்டுகிறதை நீளக் கம்பு, ரப்பர் வைப்பர் வைத்து முடித்துவிடலாம். போர் தண்ணீர் வேண்டாம். மெட்ரோ தண்ணீரோ, பிடித்து வைத்த மழை நீரோ போதும். காலை வெயில் ஏறுவதற்குள் துடைத்து, காயும் முன்பே வழித்துவிட வேண்டும். பழைய உப்புக்கறைக்கு வினிகர் கலந்த தண்ணீர். டாய்லெட் ஆசிட்டைத் தொடாதீர்கள். அலுமினியச் சட்டத்தை அரித்துவிடும். கடைசியாக ஒரு தரம் பழைய பேப்பரால் துடைத்தால் கண்ணாடி மின்னும். நேற்றைய மாலைப் பேப்பருக்கும் ஒரு உபயோகம் இருக்கிறது!

வெளியிலிருந்து மட்டும் எட்டுகிற கண்ணாடிக்கு வருஷத்தில் ஒரு தடவை முறையான ஆட்கள் போதும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் வைத்துக்கொண்டால் மழை கொண்டுவந்த சேறும் போய்விடும். செலவை வீட்டுக்கு வீடு பங்கிட்டால் ஒரு குடும்பம் ஒரு தடவை ஓட்டலுக்குப் போகிற செலவுக்கு மேல் வருவது அபூர்வம். மாதப் பராமரிப்புத் தொகை வீட்டுக்கு 7,500 ரூபாயைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. தொல்லையும் இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. அவரவர் வீட்டு ஜன்னலின் வெளிப்புறம் யார் பொறுப்பு? உள்பக்கம் சொந்தக்காரருடையது, சரி. வெளிப்பக்கம் கட்டிடத்தின் முகம் அல்லவா? பல சங்கங்களின் துணை விதியில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது. அந்த வரியைப் பொதுக்குழுவில் எழுதிச் சேர்க்க வேண்டும். கூடவே, வாட்ச்மேனையும் பெருக்குகிற அம்மாவையும் ஜன்னலுக்கு வெளியே இறக்கக்கூடாது என்று இன்னொரு வரியும். இரண்டுக்கும் தீர்மானப் புத்தகத்தில் அரைப் பக்கம் போதும்.