எலியைக் கூப்பிட்டது யார்?

மாடிப்படிக்குக் கீழே நாய்க்கூண்டு. ராத்திரி மிச்சம் வைத்த தயிர்சாதம் விடியவிடியத் தட்டிலேயே கிடக்கும். எலி வராமல் என்ன செய்யும்? உடனே கடைக்கு ஓடி விஷ கேக் வாங்கிவந்து கூண்டோரம் வைக்கிறீர்களே, 'எலிக்கு மட்டும்' என்று நாய்க்குப் படிக்கத் தெரியுமா, சார்?

புரோமாடியலோன் வகை விஷம் ரத்தம் உறையவிடாமல் செய்து, சில நாள் கழித்துத்தான் கொல்லும். அதற்குள் தள்ளாடுகிற எலியைப் பூனையோ கூகையோ கவ்வினால் அதற்கும் ஆபத்து. வைட்டமின் கே1 மாற்று மருந்துதான். ஆனால், டாக்டரிடம் சீக்கிரம் போகவேண்டும்.

நாய் சாப்பிட்டதும் தட்டைக் கழுவுங்கள். தீவனத்தைத் தகர டின்னில் மூடிவையுங்கள். கூண்டுக்குக் கால் அங்குலக் கண் கம்பிவலை அடியுங்கள். எலி மூத்திரத்தை வெறுங்கையால் தொடாதீர்கள்; எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், உங்களுக்கும் வரும். அப்புறமும் வந்தால், நாய்க்கு எட்டாத இடத்தில் பொறி வையுங்கள்.

விருந்து வைத்தது நாம். தண்டனை நாய்க்கா?