பயோவா, மெத்ஸா? பிள்ளையிடம் கேட்டீர்களா?



சாதாரண தரப் பெறுபேறு வந்தால் போதும், நமதூரில் ஒரு விடயம் தன்பாட்டில் நடக்கும். 9 ஏ எடுத்த பிள்ளை என்றால் பயோ. 8 ஏ என்றாலும் பயோ. விஞ்ஞானத்தில் மட்டும் ஒரு ஏ இருந்தாலும் பயோ. வாப்பா தீர்மானிப்பார், சாச்சா தலையாட்டுவார், கட்டாரில் இருக்கும் மாமா "மாஷா அல்லாஹ், எங்கட வருங்கால டொக்டர்" என்று வட்ஸ்அப்பில் வொய்ஸ் போடுவார். அவ்வளவுதான், முடிந்தது. இரண்டு வருடம் உட்கார்ந்து படிக்கப் போகும் பிள்ளையிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

உயர்தர விஞ்ஞான வகுப்புகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் இதன் மறுபக்கத்தை ஒவ்வொரு நாளும் வகுப்பறையில் பார்க்கிறோம். அதனால்தான் எழுதுகிறோம். சிலருக்குக் கோபம் வரலாம். வந்தாலும் கடைசி வரை வாசியுங்கள்.

முதலில் ஓர் அடிப்படை விடயம். பயோ, மெத்ஸ் இரண்டிலும் இரசாயனவியலும் பௌதிகவியலும் பொதுவாக இருக்கின்றன. மாறுவது ஒரே ஒரு பாடம். அங்கே உயிரியல், இங்கே இணைந்த கணிதம். "என்ட மகளுக்குக் கணக்கு ஓடாது சேர், அதனாலதான் பயோவுக்குப் போடுறன்" என்று சொல்லும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். பௌதிகவியல் வினாத்தாள் பயோ பிள்ளைக்கும் மெத்ஸ் பிள்ளைக்கும் ஒன்றுதான். அந்த 50 பல்தேர்வு வினாக்களில் கணக்கு இருக்கிறது, வரைபு இருக்கிறது, திரிகோண கணிதம் இருக்கிறது. இரசாயனவியலில் மூல் கணிப்பும் சமநிலையும் இருக்கின்றன. கணக்குக்குப் பயந்து பயோவுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

பல்கலைக்கழகத்துக்குப் பார்ப்பது மூன்று பாடங்களின் இஸட் புள்ளிகளின் சராசரியை. உயிரியலில் ஏ எடுத்துவிட்டு பௌதிகவியலில் எஸ் எடுத்த பிள்ளைக்கு, அந்த எஸ் மற்ற இரண்டையும் சேர்த்துக் கீழே இழுத்துவிடும்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது. கணக்கை விளையாட்டாகச் செய்யும் பிள்ளை, பாடமாக்கச் சொன்னால் முகம் சுருங்கும் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. இணைந்த கணிதத்தில் மூன்று மணித்தியாலம் வீதம் இரண்டு தாள்கள், ஒன்று தூய கணிதம், மற்றது பிரயோக கணிதம். அந்தப் பிள்ளைக்கு அது பிடித்த வேலை. அதைக் கொண்டுபோய் உயிரியல் வகுப்பில் வைத்துத் தாவரப் பாகுபாட்டை ஒப்புவிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? முதலாம் ஷை போகும், இரண்டாம் ஷை போகும், மூன்றாம் ஷையும் போகும். பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான். 21, 22 வயதில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "கெட்டிக்காரன்தான், எழுத்து இல்ல" என்பீர்கள். எழுத்தை எழுதியது யார்?

இப்போது மாவட்டக் கோட்டா. விஞ்ஞானப் பாடநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இதன் அர்த்தம் என்ன? அம்பாறை மாவட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் போட்டி போடுவது கொழும்புப் பிள்ளையுடன் அல்ல, அடுத்த தெருப் பிள்ளையுடன். மருத்துவத்துக்கு இருக்கும் அதே ஒதுக்கீடு பொறியியலுக்கும் இருக்கிறது. ஊர் முழுக்க ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து வாசலில் இடித்துத் தள்ள ஆளில்லை. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது, சம்மாந்துறையில் அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. நம் பிள்ளைகள் பஸ்ஸில் போகும்போது பார்க்கும் கட்டடங்கள் இவை.

இனி எங்களுக்கு மிகவும் வலிக்கும் விடயம். வருடாவருடம் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு மனுக் கொடுக்கிறது. "கணித ஆசிரியர் இல்லை, பௌதிகவியல் ஆசிரியர் இல்லை, தாருங்கள்." எங்கிருந்து தருவார்கள்? கணிதம் படித்த பட்டதாரி மரத்தில் காய்ப்பதில்லை. மெத்ஸுக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் வகுப்பு நடப்பதில்லை. வகுப்பு இல்லாததால் பட்டதாரி உருவாவதில்லை. பட்டதாரி இல்லாததால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் அடுத்த வருடமும் மெத்ஸுக்குப் பிள்ளைகள் இல்லை. இது வலயம் போட்ட சாபம் அல்ல. பத்து வருடத்துக்கு முன்பு கணக்கில் மின்னிய பிள்ளைகளை இந்த ஊரின் ஆசை எங்கே அனுப்பியதோ, அதன் கணக்கு இப்போது வருகிறது.

மேடையில் மட்டும் நமக்குக் குறைவில்லை. அல்ஜிப்ரா என்ற சொல்லே 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூற்பெயரில் இருந்து வந்தது என்று பரிசளிப்பு விழாவில் பேசுவோம். தக்பீர் முழங்கும். அடுத்த நாள் தரம் 12இல் அந்த அல்ஜிப்ராவைப் படிப்பிக்க வெளியூரில் இருந்து ஆள் தேடுவோம்.

"அப்ப டொக்டர் வேணாமா? பொம்புளைப் பிள்ளைகளப் பார்க்க லேடி டொக்டர் வேணாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும், நிச்சயமாக வேண்டும். உயிரியலில் ஆர்வமும் உழைப்பும் உள்ள பிள்ளையைத் தடுக்க நாங்கள் யார்? தாராளமாக அனுப்புங்கள். ஆனால் மருத்துவம் கிடைக்காவிட்டால் அதே பயோவில் இருந்து தாதியியல், மருந்தகவியல், இயன்மருத்துவம், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், விவசாயம், யூனானி என்று பாதைகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குத் தெரிவான பிள்ளையிடம் "டொக்டர் கிடைக்கல்லியா?" என்று கேட்டு அழ வைப்பதும் இதே ஊர்தான். பிள்ளையின் ஆசையும் சமூகத்தின் தேவையும்தான் காரணம் என்றால் இந்தக் கேள்வி வராது.

உண்மைக் காரணம் எல்லோருக்கும் தெரியும். டொக்டர் மாப்பிள்ளைக்கு வீடும் காணியும் வாகனமும் வரிசையில் வருகின்றன. சந்தியில் பெனர் கட்டுவது டொக்டருக்கு மட்டும்தான். கல்யாணச் சந்தையின் விலைப் பட்டியலை வைத்துப் பாடத்தெரிவுப் படிவம் நிரப்பப்படுகிறது. பிள்ளை அமானிதம் என்கிறோம். அமானிதத்தை இப்படியா கையாள்வது?

"பொம்புளைப் பிள்ளைக்கு எதுக்கு மெத்ஸ்?" என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறோம். நம் பெண் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கப் பெண் ஆசிரியை வேண்டும் என்று கேட்பதும் நீங்கள்தான். அவர் எந்தப் பிரிவில் படித்து வர வேண்டும்?

தொழில்நுட்பப் பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 2013இல் தொடங்கி 2015இல் முதல் பரீட்சை நடந்த பிரிவு. அதற்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. அதை "படிக்காத பிள்ளைகள் போற இடம்" என்று சொல்லும் வாயை முதலில் மூட வேண்டும்.

இனி செய்ய வேண்டியவை.

பெற்றோருக்கு: ஏ எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, தரம் 10, 11 தவணைப் பரீட்சைகளின் கணித, விஞ்ஞானப் புள்ளிகளை எடுத்துப் பாருங்கள். பிள்ளை எதைச் சொல்லாமலே எடுத்துப் படிக்கிறது என்று பாருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூல் தமிழிலும் இருக்கிறது. உயர்தரப் பெறுபேறு வந்த பிறகு அல்ல, இப்போதே பிள்ளையுடன் உட்கார்ந்து வாசியுங்கள். பிறகு கேளுங்கள், "நீ என்ன நினைக்கிற?"

பழைய மாணவர் சங்கத்துக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும்: 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தை ஆரம்பித்தார். நோக்கம் வசதியற்ற திறமைசாலிகளைப் படிக்க வைப்பது. நமதூரில் இன்று உதவிப் பணம் மருத்துவ பீட மாணவருக்கு என்றால் ஓடி வருகிறது, மற்றவருக்கு என்றால் யோசிக்கிறது. இந்த வருடம் மெத்ஸுக்குப் பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, ஓர் இணைந்த கணித ஆசிரியருக்குப் போக்குவரத்துச் செலவையாவது பொறுப்பெடுங்கள். ஒரு பெனரின் காசு அதற்கு நல்ல தொடக்கம்.

தரம் 12 அனுமதி தொடங்கிவிட்டது. படிவத்தில் கையெழுத்து வைக்க முன்னர் இந்தப் பதிவைப் பிள்ளைக்கும் வாசிக்கக் கொடுங்கள். பிள்ளை என்ன சொன்னது என்று கீழே எழுதுங்கள், நாங்கள் பதில் தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.