சிவப்பு அறைக்குள் மறுபடியும் ஒரு க்ளிக்!

2004, 2005 வாக்கில் அவிநாசியிலோ திருப்பூரிலோ பிரவுசிங் சென்டருக்குப் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கு இருந்தது. வீட்டில் சொல்வது 'ரிசல்ட் பார்க்கணும்' அல்லது 'ப்ராஜெக்ட்டுக்குப் படம் எடுக்கணும்'. அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கொடுத்த காசுக்கு மிச்சமிருக்கும் நேரத்தில், ஒரே நாற்காலியில் இரண்டு பேர், பின்னால் நின்று எட்டிப் பார்க்க மூன்றாவது ஆள். திரையில் ஒரு சிவப்பு அறை.

கட்டில், ஜன்னலில் திரைச்சீலை, இழுப்பறைகள், ஒரு சி.டி பிளேயர். கதவு பூட்டியிருக்கிறது. எங்கே எதைத் தொட்டால் என்ன கிடைக்கும் என்று மவுஸால் தட்டித் தட்டிப் பார்த்தே வெளியே வர வேண்டும். சுட வேண்டாம், ஓட வேண்டாம், யோசித்தால் போதும். ஜப்பானைச் சேர்ந்த தோஷிமித்சு தகாகி 2004-ல் உருவாக்கிய 'க்ரிம்சன் ரூம்' கேம் அது. இன்று பெருநகரங்களில் காசு கொடுத்து நம்மை நாமே பூட்டிக்கொள்கிறோமே, 'எஸ்கேப் ரூம்', அதற்கு இந்த மாதிரி கேம்கள்தான் முன்னோடி. 2007-ல் ஜப்பானின் கியோட்டோவில் நிஜ அறையில் அதை நடத்திக் காட்டினார்கள்.

'பாயின்ட் அண்ட் க்ளிக்' என்று அழைக்கப்படும் இந்த வகைக்கு வயது அதிகம். 1990-ல் 'மங்க்கி ஐலண்ட்', 1993-ல் 'மிஸ்ட்' என்று வெளிநாடுகளில் சக்கைப்போடு போட்டவை உண்டு. நம் ஊரில் வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. அதனால் பெரும்பாலானவர்கள் பார்த்தது, பிரவுசரிலேயே இலவசமாக ஓடிய குட்டி கேம்களைத்தான். செக் நாட்டின் யாகுப் த்வோர்ஸ்கி, 2003-ல் கல்லூரி ப்ராஜெக்ட்டாகச் செய்த 'சாமோராஸ்ட்' அதில் ஒரு முத்து. வெள்ளை உடுப்பும் குல்லாவும் போட்ட குட்டி மனிதன், தன் கிரகத்தின் மேல் இன்னொரு கிரகம் மோதாமல் காப்பாற்ற வேண்டும். கதை சொல்ல வசனமே தேவைப்படவில்லை. தமிழ் மீடியம் பிள்ளைக்கும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கும் அங்கே ஒரே தராசு.

மொழி உள்ளே வந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1991-ல் வந்த 'மங்க்கி ஐலண்ட் 2' நல்ல உதாரணம். அதில் ஓர் அருவியை நிறுத்த ஒரு பம்ப்பைத் திருகி மூட வேண்டும். பம்ப்செட்டுக்குப் பெயர்போன கோவை வட்டாரத்துப் பிள்ளையென்றால் ஸ்பேனரைத் தேடும். ஆனால் விடை, பியானோ வாசிக்கும் ஒரு குரங்கு! மெட்ரோனோம் மேல் வாழைப்பழத்தை வைத்து, குரங்கை மயங்கச் செய்து, அதைத் தூக்கிக்கொண்டு போய்த் திருக வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கருவிக்கு 'மங்க்கி ரெஞ்ச்' என்று பெயர். அந்தச் சொல் தெரியாதவர் நாள்கணக்கில் முட்டினாலும் நகர முடியாது. பழைய கேம் எல்லாமே தங்கம் என்று சொல்கிறவர்கள் இந்தக் குரங்கை மறந்துவிடுகிறார்கள்.

சரி, இப்போது அவற்றை எப்படி விளையாடுவது? இங்கேதான் சிக்கல். பிரவுசர் கேம்களில் பெரும்பாலானவை அடோபியின் 'ஃப்ளாஷ்' தொழில்நுட்பத்தில் ஓடின. பாதுகாப்புக் குறைகள் அதிகம், ஸ்மார்ட்போனுக்கும் ஒத்துவரவில்லை. நிறுத்தப்போவதாக 2017-லேயே அறிவித்து, 2020 டிசம்பர் 31-ம் தேதி ஆதரவை முடித்துக்கொண்டது அடோபி. 2021 ஜனவரி 12-ல் இருந்து ஃப்ளாஷ் ப்ளேயர் எதையும் திறக்காமல் தடுக்கப்பட்டது. ஒரு தலைமுறை விளையாடிய கேம்கள் ஒரே வாரத்தில் வெறும் சாம்பல் கட்டங்களாகின. கடையில் விற்காத பொருள் என்பதால் யார் வீட்டு அலமாரியிலும் பிரதிகூட இல்லை.

அவற்றைக் காப்பாற்றியவர்கள் தன்னார்வலர்கள். 'ஃப்ளாஷ்பாயின்ட்' என்ற திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்களைத் தேடிப் பிடித்துச் சேமித்திருக்கிறார்கள். 'ரஃபிள்' என்ற மென்பொருள், ஃப்ளாஷ் இல்லாமலே அந்தக் கோப்புகளை ஓட்டுகிறது. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்ட கதை அவிநாசிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சிறுவன், இடையில் போன வருடங்களுக்கும் சேர்த்து வளர்ந்த பிள்ளையாக வெளியே வந்தான். இந்த கேம்கள் ஒரு நாள்கூட வளராமல் வந்திருக்கின்றன. அன்று பெரிய மாளிகையாகத் தெரிந்த அறை, இன்று உள்ளங்கையளவு படமாகத் தெரிகிறது.

ஃப்ளாஷ்பாயின்ட்டுக்கு கம்ப்யூட்டர் வேண்டும். போன் மட்டும்தான் என்றால், 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தின் ஃப்ளாஷ் தொகுப்பு பிரவுசரிலேயே திறக்கும். மவுஸ் முனைக்காகச் செய்த கேமில் கட்டைவிரல் தடுமாறும். போனைப் படுக்கைவாட்டில் திருப்பி, திரையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். சாமோராஸ்ட்டை அதன் நிறுவனமே 2021-ல் மெருகேற்றி இலவசமாகத் தந்தது. அவர்களுடைய 'மெஷினேரியம்' போனுக்கே தனியாகக் கிடைக்கிறது. பிள்ளைகளோடு உட்கார அதுதான் நல்ல தொடக்கம்.

ஓர் எச்சரிக்கை. 'விளையாட ஃப்ளாஷ் ப்ளேயர் இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று எந்தத் தளமாவது கேட்டால், அந்த நிமிடமே வெளியேறிவிடுங்கள். அப்படி ஒன்று இப்போது கிடையாது. வருவது வேறு ஏதாவதாகத்தான் இருக்கும்.

திரும்பிப் போய் விளையாடுகிறவர்கள் பலர் சொல்லும் குறை, 'பழைய த்ரில் இல்லை' என்பது. கேமில் குறையில்லை. அன்று மாட்டிக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை வரை மாட்டியதுதான். டியூஷனிலும் டவுன் பஸ்ஸிலும் அதே பேச்சு. 'அந்த மூணாவது டிராயரைத் திறந்து பார்த்தியாடா?' என்று கேட்கும் நண்பன்தான் அன்றைய யூடியூப். இன்று முப்பது வினாடி தடுக்கினாலே விரல் தானாக விடையைத் தேடப் போகிறது. இதை கேம் செய்பவர்களும் உணர்ந்திருக்கிறார்கள். 2022-ல் மூத்த வடிவமைப்பாளர் ரான் கில்பர்ட் 'ரிட்டர்ன் டு மங்க்கி ஐலண்ட்' கொண்டுவந்தபோது, கேமுக்குள்ளேயே ஒரு குறிப்புப் புத்தகம் வைத்தார். முழு விடையை ஒரேயடியாகப் போட்டு உடைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லும் புத்தகம்.

விடையை வீட்டுக்குள்ளேயே தேட வைத்த ஒரு கேமும் இருக்கிறது. கனடாவின் டொரன்டோவில் இருந்து விசாய் கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'. 1980-களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அம்மா கொடுத்துவிட்ட சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, மை அழிந்து கிடக்கிறது. எதற்கு அடுத்து எது என்று யோசித்து, பொருள்களை இழுத்து வைத்துச் சமைக்க வேண்டும். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக கேம் விருதை இதற்குக் கொடுத்தது.

முதல் புதிரே இட்லி. தட்டுகளை எப்படி அடுக்குவது என்று வெளிநாட்டு யூடியூபர்கள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும்போது, அவிநாசியில் ஒரு பாட்டி சோபாவில் இருந்தே சொல்லிவிடுவார்: "ஏங் கண்ணு, குழிக்கு நேரா குழிய வெச்சா இட்லி அமுங்கிப் போயிருமல்ல? மாத்தி வை."

அடுத்தடுத்த அத்தியாயங்களில் புட்டு வருகிறது. பாலக்காடு பக்கத்திலேயே இருப்பதால், கொங்கு வீடுகளுக்கு அதுவும் பெரிய புதிராக இருக்காது.