தி.நகர் கடையில் மகள்: உட்காரச் சட்டம் இருக்கிறதா?

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். நிலக்கடலை போடுகிறோம். இரண்டு வருடமாகச் சரியான விளைச்சல் இல்லை. பிளஸ் டூ முடித்த மகளைச் சென்னை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்கு அனுப்பினோம். கடை விடுதியிலேயே தங்கியிருக்கிறாள். காலை முதல் இரவு வரை நின்றே வேலையாம். கால் வீங்கிப் போகிறது, பிண்டியில் நரம்பு புடைத்துத் தெரிகிறது என்று போனில் அழுகிறாள். உட்காரவிட வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாகச் சொல்கிறார்களே, உண்மையா? கேட்டால் வேலை போய்விடுமா? இது பயிர்க் கேள்வி இல்லை, மன்னிக்கவும்.
- ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: மன்னிப்பு எதற்கு அம்மா? மழை தவறினால் அடுத்த மாதம் வீட்டுப் பிள்ளை பஸ் ஏறுவதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவும் வேளாண்மைக் கேள்விதான்.

சட்டம் உண்மை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்யும் மசோதாவை, தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் 2021 செப்டம்பர் 6ஆம் தேதி சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அது நிறைவேறி, 22-ஏ என்று ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. வேலை செய்யும் எல்லோருக்கும் கடையில் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்கிறது அது. வாடிக்கையாளர் நிற்கும்போதும் உட்கார்ந்தே இருக்கலாம் என்று சொல்லவில்லை. ஆள் இல்லாத நேரத்திலும் சுவரில் சாயக்கூடாது, குந்தக்கூடாது என்று மிரட்டுகிறார்களே, அதைத்தான் தடுக்கிறது.

நமக்கு முன்பே, 2018இல், கேரளம் இதைச் செய்தது. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பில் சேர்ந்த கடைப் பெண்கள் பல ஆண்டுகள் போராடி வாங்கிய உரிமை அது. இங்கிலாந்தில் 1899லேயே, கடையில் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை என்று சட்டம் போட்டார்கள். நம் நாட்டிலும் தொழிற்சாலையில் நின்று வேலை செய்வோருக்கு 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே இருக்கை கொடுத்துவிட்டது. கடைப் பிள்ளைகளுக்கு அது வந்து சேர எழுபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் 2010இல் வந்தது. ரங்கநாதன் தெருக் கடைகளில் நம் பிள்ளைகள் படும் பாட்டை ஊரே பார்த்துக் கண் கலங்கியது. அதற்குப் பிறகும் பதினொரு ஆண்டுகள்.

சட்டம் வந்த பின்னும் நடப்பு என்ன? என் அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க தி.நகரில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். இருபது, இருபத்தைந்து புடவை பிரித்துக் காட்டிய பெண்ணுக்குச் செய்யாறு பக்கம். பின்னால் பிளாஸ்டிக் முக்காலி இருந்தது. அதன் மேல் நான்கு அட்டைப் பெட்டிகள் இருந்தன. "உட்கார மாட்டியாம்மா?" என்றேன். மேலே இருந்த கேமராவைக் கண்ணாலேயே காட்டினாள்.

எனக்கு ஆச்சரியமில்லை. உரக்கடையில் இருப்பும் விலையும் எழுதிய பலகை வைக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. நான் ஆய்வுக்குப் போன எத்தனையோ கடைகளில் பலகை இருக்கும், எழுத்து போன மாதத்தது. அதிகாரி அடிக்கடி வருவார் என்று தெரிந்த கடையில் மட்டும் சாக்பீஸ் ஈரம் காயாது. இந்த இருக்கைச் சட்டத்தில் எத்தனை பேருக்கு எத்தனை இருக்கை என்று எண்ணிக்கை போடாததும் ஒரு குறை என்பது என் கருத்து. 'தகுந்த வசதி' என்றால் மாடிக்கு ஒரு முக்காலியைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்?

முதலில் கால். மணிக்கணக்கில் அசையாமல் நின்றால் ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்கும், ரத்தக் குழாய் புடைக்கும். வெரிகோஸ் என்பார்கள். முற்றவிட்டால் புண்ணாகும். மகளுக்கு இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடையில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனை தி.நகருக்குப் பக்கம்தான். இந்த வார விடுமுறையிலேயே போய்க் காட்டச் சொல்லுங்கள். சீட்டை எறியாமல் வைத்துக்கொள்ளட்டும்.

வார விடுமுறை என்றேன், அது கிடைக்கிறதா? அதே 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுமுறை. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. கூடுதல் நேரம் சேர்த்தாலும் நாளைக்குப் பத்து மணியைத் தாண்டக்கூடாது, அந்தக் கூடுதலுக்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேர ஓய்வு. நம் வயலில் களை எடுக்க வரும் பெண்கள்கூட நண்பகலில் வரப்பில் உட்கார்ந்து நிதானமாகக் கஞ்சி குடிக்கிறார்கள். இருபது நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு ஓடிவரச் சொல்லும் கடை இந்த விதியை மீறுகிறது. மகள் தினமும் எத்தனை மணிக்குக் கடைக்குள் போனாள், எத்தனை மணிக்கு வெளியே வந்தாள் என்று ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். புகார் என்று போனால் வாய்ப்பேச்சைவிட அந்த நோட்டுக்கு மதிப்பு அதிகம்.

விடுதியையும் விசாரியுங்கள். வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதிக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும். மதிப்பெண் சான்றிதழின் அசலைக் கடையில் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடுங்கள். அது அங்கே இருக்கும் வரை பிள்ளைக்கு வாய் திறக்கத் துணிவு வராது.

வேலை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல் நீக்கக்கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. மீறினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: நீக்காமலே கிடங்குக்கு மாற்றித் தொல்லை கொடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால் உங்கள் மகள் தனியாகப் போய் நிற்க வேண்டாம். ஒரே மாடியில் வேலை செய்யும் நான்கைந்து பேர் சேர்ந்து எழுதலாம். அல்லது ஊரிலிருந்து பெற்றோர் நீங்களே எழுதலாம். கடையின் பெயர், தெரு, எந்த மாடி, உட்கார இடம் இல்லாதது, வேலை நேரம், இவை போதும். பிள்ளையின் பெயரை வெளியிடாமல் ஆய்வு செய்யும்படி கேளுங்கள். தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன் அனுப்புவது நல்லது. அந்த மாதத்தில்தான் பிள்ளைகள் நிற்கும் நேரம் நீளுகிறது.

நிலக்கடலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே கேட்கிறேன். இரண்டு வருட விளைச்சல் குறைவுக்கு மழை மட்டும்தான் காரணமா? மண் பரிசோதனை அட்டை இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். ஜிப்சம் இட்டீர்களா, எத்தனையாவது நாளில் இட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த இதழில் அதைப் பார்ப்போம்.